அறுபது நாளும் ஒரு மனுவும்

(வட்டாரத் தோட்டக் கிளைகளின் கருத்தரங்கில் கிளைச் செயலவையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, “சட்ட உதவித் திட்டங்களுக்குச் சமூக மானியம் கேட்டு மனுச் செய்வது எப்படி?” என்பதாகும். தலைப்பைக் கேட்டதும், இது படித்தவர்களின் காரியம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றிய சம்பவத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மனுவின் விவரத்துக்கு வருகிறோம்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு தோட்டம். அங்கே சங்கக் கிளை கிடையாது. குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்பவர்களே அங்கே அதிகம். இருபத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டிய ஒருவருக்கு ஒரு நாள் கையில் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. மண்டோர் வாய் வார்த்தையாக, “நாளை முதல் பெரட்டுக்கு வரவேண்டாம்” என்றார். அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேறு வேலை தேடி அலைந்தார். தெரிந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேரைப் பார்த்தார். இருவரும் “பார்க்கலாம்” என்றார்கள். கடைசியில் யாரோ எங்களைச் சுட்டிக்காட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு வந்தார். தேதியைப் பார்த்து எண்ணினோம். அன்று எழுபத்தொன்றாம் நாள்.

தோழர்களே, 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமின்றி வேலை நீக்கப்பட்ட ஒருவர், வேலையைத் திரும்பக் கேட்டு மனுச் செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. அறுபத்தோராம் நாள் போனால் அந்த வாசல் மூடிவிடும். அவருக்கு நியாயம் இருந்ததா இல்லையா என்பதை விசாரிக்கும் நிலையே ஏற்படவில்லை. பாக்கிச் சம்பளத்தை மட்டும் தொழிலாளர் இலாகா மூலம் வாங்கிக் கொடுத்தோம். வேலையை மீட்க முடியவில்லை. அவர் எங்களைக் கோபிக்கவும் இல்லை. “முன்னமே தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன் கிராணி ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை எங்கள் செயலவையைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

சட்டம் இருக்கிறது, வழிதான் தூரம்

நமக்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நம் முன்னோர்கள் போராடியும், சங்கம் வைத்து வாதாடியும் பெற்ற சட்டங்கள் பல இருக்கின்றன. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1955இல் வேலைச் சட்டம் வந்தது. 1969இல் சொக்சோ சட்டம் வந்தது. தோட்ட முதலாளி தொழிலாளிக்கு எப்படிப்பட்ட வீடு, தண்ணீர், மின்சாரம், பிள்ளை மடுவம் தரவேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஐவரும் அதற்கு மேற்பட்டவர்களும் வேலை செய்யும் இடங்களிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து எல்லா இடங்களிலும், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பால் எடைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவருக்கும் மாத வருமானம் அதற்குக் குறையக்கூடாது என்பதே விதி.

ஆனால் இந்தச் சட்டங்கள் எங்கே இருக்கின்றன? பட்டணத்தில், இலாகாக்களின் அலமாரியில் இருக்கின்றன. நாமோ செம்மண் பாதையில், கடைசி பஸ் போய்விட்ட இடத்தில் இருக்கிறோம். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. உண்மைதான். ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு இருக்கிறது. சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல் வேண்டும். கையில் காகிதமில்லாமல் போனால் மறுபடியும் வரச் சொல்வார்கள். மறுபடியும் ஒரு நாள் கூலி. மூன்றாம் முறை யார் போவார்கள்?

தொழிலாளிக்கும் சட்டத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் சட்ட உதவித் திட்டம். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டுள்ள ஒரு பெட்டி, எழுதத் தெரிந்த இரண்டு பேர், மாதம் இருமுறை வந்து போகும் ஒரு வழக்கறிஞர் ஆகியவை இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நாம் வழக்கறிஞராகிவிட முடியாது. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் 37ஆம் பிரிவு, தகுதி பெறாதவர் வழக்கறிஞர் போல நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆகவே நம் மேசையில் செய்யக்கூடியது என்ன? கடிதத்தைப் படித்துச் சொல்லலாம். தேதியை எண்ணிச் சொல்லலாம். பாரம் நிரப்ப உதவலாம். காகிதங்களை ஒழுங்குபடுத்தி, சரியான இடத்துக்குக் கூட்டிப் போகலாம். இதற்கு ஒரு காசுகூட வாங்கக்கூடாது. சங்க உறுப்பினரின் வழக்கை நம் சங்கத்து அதிகாரிகளே தொழிலியல் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேற்பட்டவை வழக்கறிஞரின் வேலை.

அந்த வழக்கறிஞரை எங்கே தேடுவது? அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. மன்றத்தைச் சேர்ந்த ஒவ்வொரு வழக்கறிஞரும் அதற்காக ஆண்டுக்கு 100 வெள்ளி கொடுக்கிறார். பிள்ளை ஒருவனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டால், குடிமக்களுக்கு உதவ 2011இல் அமைக்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்று நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 5ஆம் விதி கூறுகிறது. இவ்வளவும் தாய் தகப்பனுக்குத் தெரிந்திருந்தால், போலீஸ் நிலைய வாசலில் அழுதுகொண்டு நிற்பதை விட்டுத் தொலைபேசியை எடுப்பார்கள்.

சங்கம் இருக்க மானியம் எதற்கு?

இது நியாயமான கேள்வி. எங்கள் கிளைக் கூட்டத்தில் மூத்த தொழிலாளி ஒருவர் எழுந்து, “தம்பி, 1954இல் சங்கத்தை நம் சந்தாவால் கட்டினோம். இன்று ஊரான் காசுக்குக் கையேந்துவதா?” என்று கேட்டார். நாங்கள் அவரை மதித்து, நிதானமாகப் பதில் சொன்னோம். அந்தப் பதிலை உங்களுக்கும் சொல்கிறோம்.

சங்கச் சந்தா சங்க உறுப்பினருக்காகச் செலவாக வேண்டிய பணம். எழுபத்தொன்றாம் நாள் வந்தவர் உறுப்பினர் அல்லர். குத்தகை வேலைக்காரர், வேலை ஓய்ந்த முதியவர், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, தோட்டம் விற்கப்பட்டு லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பம், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு நிரை பிடித்து வெட்டுகிறவர்கள் ஆகிய இவர்களில் பலர் சந்தாப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவர்களுக்கு நடக்கும் அநியாயம் நாளை நம் கூலியையும் கீழே இழுக்கும். அவர்களுக்கும் சேர்த்து ஒரு மேசை போட வேண்டுமென்றால், சந்தாவுக்கு வெளியே பணம் வேண்டும்.

அடுத்து, மானியம் பிச்சையல்ல. அரசாங்க மானியம் நம் வரிப்பணம். அறநிறுவனங்களின் பணம் இன்ன காரியத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட பணம். கேட்பவர் கணக்குக் காட்டுகிறார், கொடுப்பவர் காரியம் நடந்ததா என்று பார்க்கிறார். இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிற காரியத்தில் கையேந்துவது எங்கே இருக்கிறது?

ஆனாலும் அந்தப் பெரியவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் மக்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டிப் பங்கு சேர்த்து, தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் தங்கள் காசைப் போட்டதால்தான் அவர்கள் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. மானியம் கேட்கிறவர்களும் அதை மறக்கக்கூடாது. நாம் ஒரு பங்கு போடாமல் பிறரை முழுப் பங்கு கேட்டால், கொடுப்பவருக்கும் நம்பிக்கை வராது, நமக்கும் அக்கறை வராது.

எங்கள் முதல் மனு தோற்ற கதை

நாங்கள் முதலில் எழுதிய மனுவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறோம். தலைப்பு “இந்திய சமுதாயச் சட்ட விழிப்புணர்வு மாபெரும் விழா”. கேட்ட தொகை 15,000 வெள்ளி. அதில் மேடை, ஒலிபெருக்கி, பதாகை, மாலை, பிரமுகர்களுக்கு நினைவுச் சின்னம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு எல்லாம் இருந்தன. சட்டம் எங்கே இருந்தது? பிரமுகர் ஒருவரின் முக்கால் மணி நேரப் பேச்சில் இருந்தது!

இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. மனு ஏற்கப்படவில்லை என்றார்கள். நாங்கள் கோபப்பட்டோம். நம்மவர் என்றால் கொடுக்கமாட்டார்கள் என்று பேசினோம். பிறகு, எங்கள் பொருளாளர், அவர் பால்மரம் வெட்டும் ஒரு தாயார், அமைதியாகக் கேட்டார்: “அந்த விழா நடந்திருந்தா, அன்னைக்கு வந்தவருக்கு வேலை திரும்பக் கிடைச்சிருக்குமா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனு ஏன் தோற்றது என்பது அப்போதுதான் புரிந்தது.

நோட்டுப் புத்தகம்

அடுத்த ஆறு மாதம் மனுவே எழுதவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஞாயிறு தோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சமூக மண்டபத்தில் உட்கார்ந்தோம். வருகிறவர் என்ன குறை சொன்னார், எந்தத் தேதி, என்ன காகிதம் கையில் இருந்தது, எங்கே அனுப்பினோம், என்ன ஆயிற்று என்று ஐந்து பத்தி போட்டு எழுதினோம். பெயரைத் தனி ஏட்டில் வைத்துப் பூட்டினோம். ஏனென்றால் ஒருவருடைய கஷ்டம் கடைத்தெருப் பேச்சாகிவிடக்கூடாது.

ஆறு மாதத்தில் 34 குறைகள் வந்தன. சம்பளமும் சம்பளச் சீட்டும் பற்றியவை 11. சேமநிதி, சொக்சோ பற்றியவை 9. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை பற்றியவை 8. வீடு பற்றியவை 4. வேலை நீக்கம் 2. நாங்கள் நினைத்திருந்தது வேறு, நோட்டுப் புத்தகம் சொன்னது வேறு. பத்திரமில்லாத பிள்ளைகள் இத்தனை பேர் நம் லயத்திலேயே இருப்பது எங்களுக்கே தெரியாது. தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதியவேண்டும். தவறினால் தாமதப் பதிவு, சாட்சி, விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுக்கும். பாருங்கள், இங்கேயும் அதே அறுபது நாள்தான்!

அந்த நோட்டுப் புத்தகம்தான் எங்கள் இரண்டாவது மனுவை எழுதியது என்று சொன்னால் மிகையாகாது.

மனு எழுதும் முறை

மனுவில் கொடுப்பவர் கேட்பது எல்லாம் ஆறு கேள்விகள்தான். யார் கொடுத்தாலும், எந்தப் பாரமாக இருந்தாலும், சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கிறார்கள்.

முதலாவது, குறை என்ன? “நம் சமுதாயம் பின்தங்கியிருக்கிறது” என்று எழுதாதீர்கள். “எங்கள் தோட்டத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆறு மாதத்தில் 34 பேர் வந்தார்கள். இன்ன இன்ன குறை. தொழிலாளர் இலாகா இத்தனை மைல் தூரம், பஸ் நாளுக்கு இத்தனை” என்று எழுதுங்கள்.

இரண்டாவது, யாருக்குப் பயன்? எண்ணிக்கை சொல்லுங்கள். பெண்கள் எத்தனை பேர், வெளிநாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, என்ன செய்யப் போகிறீர்கள்? மாதம் இருமுறை மேசை. பத்து மாதத்தில் 20 அமர்வு. இருமுறை தொண்டர் பயிற்சி. தமிழிலும் மலாயிலும் ஒரு துண்டுப் பிரசுரம். இவ்வளவுதான். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான்காவது, யார் செய்வார்? பெயர், பொறுப்பு, அனுபவம். வழக்கறிஞர் வருவதாக இருந்தால் அவர் கைப்படச் சம்மதக் கடிதம்.

ஐந்தாவது, எவ்வளவு செலவு? இதை விளக்கமாகப் பார்ப்போம். எங்கள் மனுவில் இருந்த கணக்கு இது:

வழக்கறிஞர் பயணச் செலவு, 20 அமர்வு, 80 வெள்ளி வீதம்: 1,600
நகல், தபால், 20 அமர்வு, 30 வெள்ளி வீதம்: 600
தொலைபேசி, இணையம், 10 மாதம், 50 வெள்ளி வீதம்: 500
தொழிலாளியை இலாகாவுக்குக் கூட்டிப்போகும் செலவு, 24 முறை, 25 வெள்ளி வீதம்: 600
பயிற்சி நாள் சாப்பாடு, 12 பேர், 2 நாள், 15 வெள்ளி வீதம்: 360
துண்டுப் பிரசுரம் 1,000, 40 காசு வீதம்: 400
பூட்டுள்ள இரும்பு அலமாரி: 450
கணக்காய்வுச் செலவு: 500
மொத்தம்: 5,010 வெள்ளி

இதில் நாற்பது குடும்பங்கள் மாதம் 2 வெள்ளி வீதம் பத்து மாதம் கட்டிய 800 வெள்ளியை எங்கள் பங்காகக் காட்டினோம். கேட்டது 4,210. மண்டபமும் மேசையும் நம்முடையவை. இரண்டு தொண்டர்கள் மூன்று மணி நேரம் வீதம் 20 அமர்வுக்கு 120 மணி நேரம் உழைப்பதையும் எழுதிக் காட்டினோம். உழைப்பும் பங்குதான், அதை எழுதத் தயங்காதீர்கள்.

ஆறாவது, காரியம் நடந்தது என்று எப்படித் தெரியும்? “விழிப்புணர்வு ஏற்பட்டது” என்று எழுதினால் யார் அளப்பது? “வருகிறவர்களில் எத்தனை பேர் காலக்கெடுவுக்குள் மனுச் செய்தார்கள் என்று எண்ணிக் காட்டுவோம்” என்று எழுதினோம். எங்களுக்கு வேண்டியதும் அதுதானே!

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். மனு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும். அதற்காகப் பயப்படவேண்டாம். முதலில் தமிழில், நம் சொந்தக்காரருக்கு விளக்குவது போல எழுதுங்கள். விஷயம் தெளிவான பிறகு, நம் பிள்ளைகளில் படித்தவர்களைக் கூப்பிட்டு அந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள். விஷயம் தெளியாமல் முதலிலேயே பெரிய மொழியில் ஆரம்பித்தால், அலங்காரம்தான் மிஞ்சும். எங்கள் முதல் மனுவே அதற்குச் சாட்சி.

யார் கேட்கலாம்? யாரிடம் கேட்கலாம்?

தனி மனிதருக்குப் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். சங்கக் கிளைக்குத் தனிப் பதிவு இல்லை. சங்கத்தின் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே தலைமையகத்தைக் கேட்காமல் சங்கத்தின் பெயரில் மனுப் போடாதீர்கள். நாங்கள் செய்தது என்னவென்றால், தோட்டத்தில் ஏற்கெனவே பதிவில் இருந்த சமூக நல மன்றத்தைத் தட்டி எழுப்பினோம். இல்லாதவர்கள் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ், ஏழு பேராவது சேர்ந்து, விதிமுறை எழுதிப் பதியலாம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். அனுப்பாத மன்றத்தின் பதிவு ஆபத்தில் இருக்கும். மனுவைப் பார்க்கும் அதிகாரியும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

கேட்கும் இடங்கள் பல. இந்திய சமுதாயத்துக்கென 2018இல் அமைக்கப்பட்ட மித்ரா பிரிவு மன்றங்களுக்கு மானியம் வழங்கியிருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தொகுதி ஒதுக்கீடு உண்டு. பெரிய கம்பெனிகளின் அறநிறுவனங்கள் உண்டு. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தூதரகங்கள் உள்ளூர் மன்றங்களின் சிறு திட்டங்களுக்கு உதவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, மனுச் செய்யும் காலம் வேறு. அந்தந்த ஆண்டு அறிவிப்பை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்த பிறகே பேனாவை எடுங்கள். வெளிநாட்டுப் பணமானால் செயலவையில் தீர்மானம் நிறைவேற்றி, எல்லாரும் அறியச் செய்யுங்கள். இரகசியம் இருக்கும் இடத்தில்தான் வதந்தி முளைக்கும்.

இன்னொன்று. பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், “இன்ன நிர்வாகத்தைப் பற்றிப் புகார் எடுக்காதீர்கள்” என்று நிபந்தனை போட்டால், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். வாயை விற்று மேசை வாங்கி என்ன பயன்?

கணக்கு

தோழர்களே, இனி சொல்வது கசப்பானது. நம் சமுதாயத்தின் பெயரால் வந்த மானியம் எல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்ததா? 2022இல் மித்ரா மானியங்கள் பற்றி ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதையும், சிலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டதையும் பத்திரிகையில் எல்லாரும் படித்தோம். யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பதை நீதிமன்றம் சொல்லும். அது நம் வேலையல்ல. ஆனால் அப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், நேர்மையாகக் கேட்கிற ஏழை மன்றத்தின் மனுவும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகிறது. ஆகவே நம் கணக்கு மற்றவர் கணக்கைவிட இரண்டு மடங்கு சுத்தமாக இருக்கவேண்டும்.

எங்கள் முறை எளியது. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. பத்து வெள்ளி செலவானாலும் இரசீது. மாதம் ஒருமுறை வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டுவது. எங்கள் பொருளாளர் அம்மா கணக்கில் ஒரு காசு பிசகினால் இரவு சோறு உண்ணமாட்டார். அப்படி ஒருவரை உங்கள் கிளையில் தேடிப் பிடியுங்கள். நன்றாகப் பேசுகிறவரைத் தலைவராக்குங்கள், குற்றமில்லை. பொருளாளராக மட்டும், பேசாமல் எண்ணுகிறவரைத் தேர்ந்தெடுங்கள்.

கிடைத்தது என்ன?

இரண்டாவது மனுவுக்கு 3,500 வெள்ளி கிடைத்தது. கேட்டதைவிட 710 குறைவு. உட்கார்ந்து வெட்டினோம். அலமாரி 450 போயிற்று, ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுப் பழைய அலமாரியைக் கொடுத்தார். பிரசுரத்தைப் பாதியாக்கினோம், 200 மிச்சம். பயிற்சிச் சாப்பாட்டில் 60 குறைத்தோம், வீட்டிலிருந்து சோறு வந்தது. எந்த அமர்வையும் குறைக்கவில்லை.

பத்து மாதமும் மேசை நடந்தது. எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டோம். பத்திரமில்லாத பிள்ளைகளில் சிலருடைய மனு இன்னும் இலாகாவில்தான் இருக்கிறது. வீட்டுக் கூரை ஒழுகுவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் மழைக்கு வாளிதான் வைக்கிறார்கள். ஆனால் காட்டில் விழுந்து கை முறிந்த ஒருவருடைய விபத்து, முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நாங்கள் எடுத்துச் சொன்னதால், ஒழுங்காகப் பதிவாயிற்று. பிறருடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்ற வரி பிரசுரத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டிய ஒரு வாரத்தில், நேப்பாளத் தம்பிகள் மூவருக்குக் கடப்பிதழ் திரும்பி வந்தது. அவர்கள் நம் மொழி அறியாதவர்கள். ஆனாலும் மறு ஞாயிறு மேசைக்கு வந்து, பேசாமல் மண்டபத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள்.

இன்னொரு சம்பவம். எட்டாம் மாதம், அதே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு கடிதம். வேலை நீக்கம். தேதியைப் பார்த்து எண்ணினோம். நான்காம் நாள். “யாரம்மா இவ்வளவு சீக்கிரம் வரச் சொன்னது?” என்று கேட்டோம். எழுபத்தொன்றாம் நாள் வந்தாரே, அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். “கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாடி வைக்காதே, இன்னைக்கே கிளம்பு” என்றாராம். அந்த வாரமே மனுப் போயிற்று. தொழிலுறவு இலாகாவில் சமரசப் பேச்சு நடந்தது. அந்த அம்மாள் மறுபடியும் உளியோடு காட்டுக்குப் போகிறார்.

ஆண்டு முடிவில் கணக்கை முடித்தபோது 38 வெள்ளி மிஞ்சியது. அதைக் கடிதத்தோடு கொடுத்தவர்களிடமே திருப்பிக் கட்டினோம். இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். ஆனால் மறு ஆண்டு மனுவை எடுத்துக்கொண்டு போனபோது, அந்த 38 வெள்ளி எங்களுக்கு முன்னே போய் நாற்காலி போட்டு வைத்திருந்தது.

பெருமக்களே, நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றே. இன்று வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஐந்து பத்தி போடுங்கள். வரும் ஞாயிறு பத்து மணிக்கு மண்டபத்தில் உட்காருங்கள். மானியம் பிறகு வரும், வராமலும் போகலாம். ஆனால் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பத்து மைல் சுற்றளவில் தெரிந்தால், எவருடைய அறுபது நாளும் சாமி படத்துக்குப் பின்னால் கழியாது.

 வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!